முந்நூற்றுப் பன்னிரண்டாம் அடுக்கு

வெள்ளைச் சுருள் தீர்ந்துபோயிருந்தது,
கேரட் நிறம்தான் மிச்சம்.
ஆகவே செங்கோடனின் வலது கணுக்கால்
கேத்தியில் கழுவிக் கொட்டிய குவியலின் நிறத்தில்
அச்சாகத் தொடங்கியது, இரவு எட்டேகாலுக்கு.

குன்னூர்க் குளிருக்கு ஓரம் தூக்கிக்கொள்ளும் என்று
இயந்திரத்தை அட்டைப்பெட்டிக்குள் உட்காரவைத்து
ஆஸ்பத்திரிக் கம்பளி போர்த்தியிருந்தாள் ரூபவதி.
எக்ஸ்ரே அறை மூலையில்
காய்ச்சல்காரனைப் போல முனகியபடி
ஒரு மயிரிழை, அதன்மேல் இன்னொரு மயிரிழை.

அவர் மலைரயிலில் கீமேன்.
ஹில்குரோவ் பக்கம் தினமும் நடந்து
சாவி தட்டி, போல்ட் இறுக்கி வருகிறவர்.
ஐப்பசி மழை விட்ட காலையில்
பல்தண்டவாளத்தில் பாசி.
உடம்பு திரும்பிவிட்டது,
பாதம் திரும்ப மறுத்தது.
உள்மொளி, வெளிமொளி, பின்னால் ஒரு துண்டு.

வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழ
ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் நாள்
என் உள்ளங்கையில் அவர் எலும்பு.
திரையில் வெறும் நிழலாக இருந்த பின்துண்டு
இங்கே விரல் வைத்தால் படி தட்டுகிறது.
தகட்டை அதன்மேல் வைத்து வளைத்தேன்.
பிடிக்கவில்லை; நிமிர்த்தி மறுபடி வளைத்தேன்.
எந்த ஆணி எவ்வளவு நீளம்,
எது எதன்மேல் மோதும்,
முதலில் எதைச் சேர்ப்பது
ரத்தமில்லாமல் யோசிக்கக் கிடைத்த ஒரு மணி நேரம்.
டீ ஆறிப்போனது.

அப்போதுதான் கண்ணில் பட்டது:
மூட்டுக்கு மேலே, எலும்பின் குறுக்கே
நாலாவதாக ஒரு கோடு.

ஸ்கேனைத் திறந்தேன். இல்லை.
இன்னொரு முறை. இல்லை.
ஆனாலும் கிடையாக நறுக்கிய படங்களுக்கு நடுவே
கிடைக்கோடு ஒன்று படுத்து ஒளிந்துகொள்ளும்.
இருபது வருடத்தில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.
நீளத் தகடும் எடுத்துவையுங்கள் என்று
தியேட்டருக்குச் சொல்லிவிட்டேன்.
நீளத் தகடென்றால் நீளக் கீறல்.

கையெழுத்து வாங்கப் போனபோது
அதை அவரிடமே கொடுத்தேன்.
"இம்புட்டுத்தானா?" என்றார் மனைவி.
செங்கோடன் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தி
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
தண்டவாளத்தின் நேர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்த மூணும் ஒடஞ்சது, சரி.
இது என்னங்க டாக்டரம்மா?"

அதுவும் முறிவாக இருக்கலாம் என்றேன்.

"ஒடஞ்சா பல்லுப் பல்லாத்தான் ஒடையும்.
இது ரூல் போட்ட மாதிரி இருக்குது.
இது ஜாயின்ட்டுங்க."

படியிறங்கும்போதே ரூபவதியைக் கேட்டேன்.
நேற்றிரவு கரண்ட் போனதா?
போனது. வண்டிச்சோலையில் மரம் விழுந்து, ஒன்று நாற்பதுக்கு.
ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாம்,
முந்நூற்றுப் பன்னிரண்டாம் அடுக்கில்.
ஓர் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு.
பெருக்கினேன். ஸ்கேல் வைத்தேன்.
அறுபத்திரண்டும் சொச்சமும்.
கோடு அங்கேதான் இருந்தது.

மின்வாரியத்தின் முறிவுக்கு
நான் ஆணி அடிக்க இருந்தேன்.

மறுநாள் சிறிய தகடே போதுமானதாக இருந்தது.
வளைத்த வளைவில் உட்கார்ந்தது.
பின்துண்டு மட்டும் பிளாஸ்டிக்கில் பழகியபடி
வந்து சேரவில்லை;
அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சவ்வை
எந்த இயந்திரமும் அச்சிடவில்லை.
இருபது நிமிடம் கூடுதலாக மல்லுக்கட்டினேன்.

மயக்கம் தெளிந்து, உலர்ந்த நாக்கோடு
அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல.

"அந்த நேர்க்கோட்டை என்னங்க பண்ணீங்க?"

ஒன்றும் பண்ணவில்லை, விட்டுவிட்டேன் என்றேன்.

"ஆ," என்று கண்ணை மூடிக்கொண்டார்.
கீழே மேட்டுப்பாளையம் வண்டி
வளைவில் ஏதோ ஜாயின்ட்டைக் கடந்தது.